சம்பந்தி அனுப்பிய இரண்டாவது வயர்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் உங்கள் பெண்ணும் நலம். வெளியூர் வேலையாகப் போயிருக்கும் உங்கள் மாப்பிள்ளையும் நலம் என்று நேற்று போனில் சொன்னான். தாங்களும் நலமாக இருப்பீர்கள், சம்பந்தியம்மாவின் நடை முன்னைக்கு இப்போது தெம்பாக இருக்கும் என்று நம்புகிறேன். ‘நலம்’ என்று எழுதும்போது பேனா ஒரு நொடி தயங்கி நின்றதை நான் மறைக்க விரும்பவில்லை. இன்று காலை ஒன்பது மணி வரை நாங்கள் நலம். மதியம் பன்னிரண்டு மணியிலிருந்தும் நலம். நடுவில் உள்ள மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் முப்பது வருஷம் தொலைபேசி இலாகாவில் இருந்தவர். நான் வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் “எந்த ஓட்டையில சொருகினீங்க?” என்று மறித்துக் கேட்பீர்கள். எனக்கும் குடிநீர் இலாகாவில் முப்பத்தோரு வருஷம் ஆயிற்று, எனக்கும் கொஞ்சம் ரோஷம் உண்டு. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. மேலும், உங்கள் பெண் சொல்லித் தாங்கள் கேள்விப்படுவதற்கு முன்னால் நான் சொல்லித் தெரிந்துகொள்வது நம் இரு குடும்பத்துக்கும் மரியாதை.

இன்று பதினொரு மணிக்கு உங்கள் பெண்ணுக்கு வீடியோவில் இன்டர்வியூ என்பது தங்களுக்குத் தெரியும். சரக்கு லாரி கம்பெனி. எந்த லாரி எந்த வழியாக எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை, நல்ல வேலை. சம்பந்தியம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருஷம், அவள் இருந்த வேலையை விட்டுவிட்டு உங்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு பதினாலு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பன்னிரண்டு பேர் பதிலே போடவில்லை, ஒருவர் ‘மூன்று வருட இடைவெளி அதிகம்’ என்று எழுதினார். பதினாலாவது ஆள்தான் இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கூப்பிட்டவர். இது கை நழுவினால் இனி விண்ணப்பமே போட மாட்டேன் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். ஆகவே இன்றைய நாள் எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததுதான் கோளாறே.

நம் வீட்டு அமைப்பு தங்களுக்கு ஞாபகம் இருக்கும். மோடம் வாசல் கதவை ஒட்டி, செருப்பு அலமாரிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறது. கம்பெனிக்காரன் அவசரத்தில் வந்தான், வயர் நுழைந்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து வருகிற சிக்னல் கூடத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும், பின் அறைக்கு வந்து சேராது. தாங்கள் சென்ற முறை அந்த அறையில் தங்கியபோது செய்தி பார்க்க முடியவில்லை என்று மனம் வருந்தி, ஊருக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு ரௌட்டர் வாங்கிப் பார்சலில் அனுப்பினீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கவில்லை. பெட்டி வந்து எட்டு நாள் ஆயிற்று. “இன்டர்வியூ முடியட்டும் மாமா, அப்புறம் மாட்டிக்கலாம், கூடத்துலயே உக்காந்து பேசிடறேன்” என்று மருமகள் சொன்னாள். நியாயமான பேச்சு. ஆனால் கூடம் இருக்கிற லட்சணம் எனக்குத் தெரியும். என் மனைவிக்கு மிக்ஸி போட நேரம் காலம் கிடையாது, வாசல் மணியை அடிக்க ஊரே வரும், பக்கத்து வீட்டில் வேறு தரையை உடைக்கிறார்கள். லாரிகளை ஆளப்போகிற பெண் இப்படியா உட்கார்ந்து பேசுவது? நான் ஏற்கெனவே பின் அறையைக் காலி செய்து, பழைய அலமாரியை வெளியேற்றி, மேஜை போட்டு, சுவருக்கு வெள்ளையும் அடித்து வைத்திருந்தேன். சிக்னல் மட்டும்தான் பாக்கி. ஒன்பது மணிக்கு அவள் குளிக்கப் போனாள். நான் பெட்டியைப் பிரித்தேன்.

உள்ளே ரௌட்டர் இருந்தது, அதோடு வந்த ஒரு சின்ன வயர் இருந்தது, அதற்கும் மேலே தாங்கள் தனியாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, ‘இருக்கட்டும்’ என்று சீட்டு எழுதி வைத்த இன்னொரு வயரும் இருந்தது. சம்பந்தி, இங்கேதான் தங்கள் பங்கு ஆரம்பிக்கிறது என்று பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். தொலைபேசி இலாகாவில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு மனிதர், வெறுமனே ஒரு வயரை அனுப்புவாரா? இரண்டு வயர் வந்தால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது என்றுதானே எவனும் நினைப்பான்?

நான் ரௌட்டரைச் செருப்பு அலமாரியின் மேல் வைத்து, முதல் வயரை மோடத்திலிருந்து அதற்குப் போட்டேன். ரௌட்டரில் மஞ்சள் நிறத்தில் நாலு துளை வரிசையாக இருந்தது, அதில் ஒன்றில் போட்டேன். நீல நிறத்தில் ஒரு துளை மட்டும் தனியாக ஒதுங்கி இருந்தது. தொட்டியில் நிரம்பி வழிவதற்கு ஒரு வாய் விடுவோமே, அந்த மாதிரி என்று நினைத்து அதை விட்டுவிட்டேன். அடுத்து யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரு குழாயைக் கொண்டுபோய் ஓரிடத்தில் முடித்துவிட்டால் அதற்கு டெட் எண்ட் என்று பேர். அங்கே தண்ணீர் தேங்கும், பிரஷர் விழும், கடைசி வீட்டுக்காரன் காலிக் குடத்தோடு ஆபீஸுக்கு வந்து கத்துவான். அதற்கு மருந்து, அந்த முனையை இன்னொரு குழாய் வழியாகத் திருப்பி மெயினிலேயே சேர்த்துவிடுவது. இரண்டு பக்கமிருந்தும் வரத்து இருந்தால் கடைசி வீட்டுக்கும் தண்ணீர் பாயும். நான் இலாகாவில் பேர் வாங்கினதே இப்படி ஒன்பது தெருவைச் சுற்றி வளைத்ததற்குத்தான். பின் அறை நம் வீட்டின் கடைசி வீடு. ஆகவே தாங்கள் அனுப்பிய இரண்டாவது வயரை எடுத்து, ரௌட்டரின் இன்னொரு மஞ்சள் துளையிலிருந்து திருப்பி மோடத்திலேயே சேர்த்துவிட்டேன். புது மெயினைத் திறக்கும்போது பழைய வால்வை மூட வேண்டும் அல்லவா, அதற்காக மோடத்தின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன பொத்தானையும் அமுக்கி அதனுடைய பழைய சிக்னலை நிறுத்தினேன். இதையெல்லாம் செய்து முடிக்க எனக்கு ஏழே நிமிஷம்தான் ஆயிற்று. சுவிட்சைப் போட்டேன்.

ஐயோ, அந்த விளக்குகளைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும்! வழக்கமாக அந்த மோடத்தில் ஒரு விளக்கு எப்போதாவது கண் சிமிட்டும். இன்றைக்கு இரண்டு பெட்டியிலும் எல்லா விளக்கும் படபடபடவென்று துடிக்கிறது. நான் என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா வரத்தை? இத்தனை நாள் இவ்வளவு இணையம் நம்ம வீட்டுக்குள்ள வராம எங்க போச்சு?” என்றேன். அவள் பார்த்தாள். “ரொம்ப வேகமா இருக்கே, வெடிச்சிடாதே?” என்றாள். நான் சிரித்தேன் சம்பந்தி. அப்படி ஒரு சிரிப்பு சிரித்தேன்.

மருமகள் குளித்துவிட்டு வந்து, பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்தாள். கூடத்தில் மோடத்தின் பழைய சிக்னல் இல்லை. புது ரௌட்டரின் பேர் பின் அறை வரைக்கும் தெரிகிறது, ஆனால் எங்கேயும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். “மாமா, ஏதாவது தொட்டீங்களா?” என்றாள். “உனக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு...” என்று இழுத்தேன். கோபித்துக்கொண்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், அவள் முகம் அப்படியே வெளுத்துப்போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கைபேசியில் இணையம் எடுக்கலாம் என்றால், நம் வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் ஹலோ என்பதே எதிராளிக்குக் கேட்கும், இதில் வீடியோ எங்கே வரும்.

நான் ஜன்னலில் தொங்கியபடி கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, நட்சத்திரத்தை அமுக்கு என்று இருபது நிமிஷம் அலைக்கழித்த பிறகு ஒரு பெண் வந்தாள். மிகவும் மரியாதையான பெண். “என்ன விளக்கு எரியுது சார்?” என்றாள். “எல்லாமே எரியுதும்மா, அமோகமா எரியுது” என்றேன். “நீங்க புதுசா ஏதாவது டிவைஸ் இணைச்சிருக்கீங்களா சார்?” என்றாள். இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மருமகள் பக்கத்தில் நிற்கிறாள், மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள், முப்பத்தோரு வருஷ சர்வீஸ் நெஞ்சுக்குள் நிற்கிறது. “சம்பந்தி ஒரு ரௌட்டர் அனுப்பினார், அதை முறைப்படி இணைச்சிருக்கு” என்று சொன்னேன். ‘முறைப்படி’ என்ற சொல்லை நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். அந்தப் பெண் அதை நம்பி, லைன் டெஸ்ட் என்றும் சர்வர் என்றும் என்னென்னவோ தேடிவிட்டு, கடைசியில் “எதுக்கும் எல்லா வயரையும் கழட்டிட்டு மோடத்த மட்டும் ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்” என்றாள். மணி பத்து ஐம்பத்திரண்டு.

கழற்றினோம். அணைத்துப் போட்டோம். விளக்குகள் அடங்கின. ஆனால் மோடத்தின் சிக்னலைக் காணோம். மருமகள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. தங்கள் இரண்டாவது வயரை எடுத்து ஒரு முனையை மோடத்திலும் மறுமுனையை லேப்டாப்பிலும் நேராகச் சொருகினாள். இணையம் வந்துவிட்டது! வந்தது சரி, வயர் ஒன்றரை முழம்தானே. மோடம் சுவரில். ஆக, லேப்டாப் செருப்பு அலமாரியின் மேல். ஆக, லாரிகளை ஆளப்போகிற உங்கள் பெண் வாசல் கதவை ஒட்டி நின்றுகொண்டுதான் பேச வேண்டும். பின்னால் குடைகள், ஹெல்மெட், என்னுடைய பழைய மழைக்கோட்டு, கேஸ் சிலிண்டர். பதினொன்றுக்கு மூன்று நிமிஷம். என் மனைவி பீரோவைத் திறந்து ஒரு வெள்ளைப் போர்வையை உருவிக்கொண்டு ஓடிவந்தாள். “அந்த முனையைப் பிடிங்க” என்றாள். பிடித்தேன்.

ஆக சம்பந்தி, உங்கள் பெண்ணின் இன்டர்வியூ முழுவதும், நாற்பத்திரண்டு நிமிஷம், நானும் என் மனைவியும் ஆளுக்கொரு முனையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி போர்வைக்குப் பின்னால் நின்றோம். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. எட்டாவது நிமிஷத்திலோ என்னவோ எனக்கு அந்தச் சின்ன பொத்தான் ஞாபகம் வந்தது. நான்தானே அதை அமுக்கினேன், அதனால்தானே சிக்னல் இல்லை! இன்னொரு தரம் அமுக்கினால் அவள் கூடத்தில் சௌகரியமாக உட்கார்ந்து பேசலாம். சொல்லவும் முடியாது, நகரவும் முடியாது. என் மனைவியிடம் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் எனக்கு மார்வலி என்று நினைத்துப் பதறி, போர்வையை விட இருந்தாள். இல்லை இல்லை என்று தலையாட்டி, ஒருவழியாக அவளை அடக்கினேன்.

இனி எழுதப்போவதுதான் விஷயம், மேலே எழுதினதெல்லாம் வெறும் ரகளை. நான் அந்தப் பக்கம் எதையும் பார்க்க முடியவில்லை, காதால் மட்டும் கேட்டேன். மூன்று பேர் கேள்வி கேட்டார்கள், அதில் ஒரு அம்மாள்தான் தலைவி போல. ஒரே நேரத்தில் மூணு லாரி வழியில நின்னுபோச்சுன்னா முதல்ல யாரைக் கூப்பிடுவீங்கன்னு கேட்டாங்க. டிரைவரை, மெக்கானிக்கை, மேனேஜரைன்னு நான் மனசுக்குள்ள சொல்லிப் பாக்கறேன். உங்க பொண்ணு நிதானமா சொல்றா: “சரக்குக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறவரைத்தான் முதல்ல கூப்பிடுவேன். லாரியை எப்படியும் ரிப்பேர் பண்ணிடலாம். அவருக்கு எவ்வளவு லேட்டுன்னு தெரிஞ்சா அவர் வேற ஏற்பாடு பண்ணிப்பார்.” சம்பந்தி, நான் முப்பத்தோரு வருஷத்துல எத்தனை தெருவுக்குத் தண்ணியை நிறுத்தியிருக்கேன், ஒருநாளாவது குடத்தோட நிக்கிறவன்கிட்ட முதல்ல சொன்னதில்லை. எனக்கு வெட்கமா இருந்தது. இவ நம்ம வீட்டுல இத்தனை நாளா சாப்பிட்டீங்களா மாமா, மாத்திரை போட்டீங்களா மாமான்னு கேட்டுக்கிட்டு நடமாடினவதானா, இவளுக்குள்ள இவ்வளவு இருக்கான்னு அந்தப் போர்வைக்குப் பின்னாடிதான் எனக்குத் தெரிஞ்சது.

அப்புறம் அந்த மூணு வருஷத்தைப் பத்திக் கேட்டாங்க. அவ குரல் கொஞ்சமும் மாறல. “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. நான் பார்த்துக்கிட்டேன். இப்போ நல்லா இருக்காங்க, தானா நடக்கறாங்க.” அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கிற தொனி இல்லை, புலம்பல் இல்லை. என் மனைவி அந்த முனையில சத்தமில்லாம அழறா. எனக்கும் மூக்கு அடைச்சுக்கிட்டு வந்தது, துடைக்கக் கை ஏது, அடக்கி அடக்கிப் பார்த்தேன், கடைசியில வந்தது பாருங்க ஒரு தும்மல். போர்வை போயே போச்சு. நான், என் மனைவி, சிலிண்டர், மழைக்கோட்டு, எல்லாரும் அந்த மூணு பேருக்கும் தரிசனம் கொடுத்தோம். நான் அசடு வழிய ஒரு வணக்கம் போட்டேன். அந்த அம்மாள் “பின்னாடி யாரு?” என்றாள். உங்க பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்கல. “என் மாமனார், மாமியார் மேடம். இன்னைக்கு எங்க வீட்டுச் சுவர் அவங்கதான்” என்றாள். அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டுது. சிரிப்பு நல்லதுக்கா கெட்டதுக்கான்னு இப்போ வரைக்கும் எனக்குப் புரியல. முடிவை ரெண்டு நாள்ல சொல்றோம்னாங்க.

மதியத்துக்கு மேல் அவளே உட்கார்ந்து ரௌட்டரைச் சரியாக மாட்டினாள். ஒரே வயர், அதுவும் நான் வழிவாய் என்று நினைத்து ஒதுக்கிய அந்த நீலத் துளையில். இரண்டாவது வயர் எங்கே இருந்தது என்று கேட்டாள். சொன்னேன். ஏன் என்று கேட்டாள். ஒன்பது தெருக் கதையைச் சொன்னேன். “மாமா, தண்ணி சுத்தி வந்தா நல்லது. இது போன தகவலே திரும்பி வந்து, அதே மறுபடி போய், ஒண்ணு ரெண்டாகி ரெண்டு நாலாகி, வேற எதுக்கும் வழியே விடாது” என்று பொறுமையாக விளக்கினாள். விளக்கி முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். கோபமே இல்லை. நானாக இருந்தால் என்னை வீட்டைவிட்டே அனுப்பியிருப்பேன்.

இப்போது பின் அறையில் சிக்னல் முழுசாக நிற்கிறது. ஆகையால் தாங்கள் சிரமப்பட்டு நேரில் வந்து பரிசோதிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறேன். வேலை கிடைத்தால் (கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பாவம் என்னையும் தங்கள் வயரையும் சரிபாதியாகச் சேரும்) அவள் அந்த அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பாள். முதுகு வலிக்காத நாற்காலிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். கதவில் ‘அலுவலகம், சத்தம் போடாதீர்’ என்று ஒரு பலகை மாட்டப்போகிறேன். பகலெல்லாம் ஒரு குரல் தூரத்தில் அவள் இருப்பாள் என்பதே எனக்கும் என் மனைவிக்கும் பெரிய நிம்மதி. சமையலறைப் பக்கமும் அவள் லேப்டாப்போடு வந்து உட்கார வசதியாக, தங்களால் முடிந்தால் இதே போல் இன்னொரு பெட்டி அனுப்பி வையுங்கள். வயர் ஒன்று போதும்.

சம்பந்தியம்மாவுக்கு என் மனைவி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். சின்னவர்களுக்கு எங்கள் ஆசிகள். பெண்ணை நல்லபடியாக வளர்த்து எங்களிடம் கொடுத்ததற்கு நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, கல்யாணப் பரபரப்பில் விட்டுப்போயிற்று. இப்போது சொல்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சம்பந்தி
(குடிநீர் இலாகா, ஓய்வு)

பி.கு.: இதை வியாழக்கிழமை எழுதி, உறை கிடைக்காமல் வைத்திருந்தேன். இன்று சனிக்கிழமை. வேலை கிடைத்துவிட்டது! அந்த அம்மாளே கூப்பிட்டுச் சொன்னாளாம். வீட்டிலிருந்தே பார்க்கலாமா என்று மருமகள் கேட்டதற்கு, “உங்க வீட்டை நாங்க பார்த்துட்டோம்மா, நீங்க தயவுசெஞ்சு ஆபீஸுக்கே வந்துடுங்க” என்றாளாம். ஒன்றாம் தேதியிலிருந்து காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை. நான் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். அறை, மேஜை, நாற்காலி, ரௌட்டர், எல்லாம் வீண், என் கிறுக்குத்தனத்தால் உனக்கு அலைச்சல், என்னை மன்னித்துவிடு அம்மா என்றேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “மாமா, உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு முதல்லேர்ந்தே ஆபீஸ் போகணும்னுதான் ஆசை. மூணு வருஷம் ஒரே அறையில இருந்துட்டேன். நீங்க அவ்வளவு ஆசையா வெள்ளை அடிச்சுக்கிட்டு இருந்தீங்க, எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த மேடம்கிட்டகூட உங்களுக்காகத்தான் கேட்டேன், வேண்டாம்னு சொல்லிடணுமேன்னு வேண்டிக்கிட்டே கேட்டேன்” என்றாள். ஆகவே இரண்டாவது பெட்டி அனுப்ப வேண்டாம். பலகையும் மாட்டவில்லை. ஒன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்புகிறாள். நேரில் வர வேண்டாம் என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்களும் சம்பந்தியம்மாவும் முந்தின நாளே வந்துவிடுங்கள். தங்குவதற்குப் பின் அறை காலியாகத்தான் இருக்கிறது.